மூணு சக்கரமும் முப்பது கிலோ தேங்காயும்

இன்னிக்கு கொஞ்சம் சூடாவே எழுதப் போறேன். மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கோங்க.

விஷயம் இதுதான். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுக்குற ஸ்கூட்டர் இருக்கே, பின்னாடி ரெண்டு பக்கமும் கூடுதலா சக்கரம் மாட்டினது, அதுல சாமான் வைக்க இடம் கிடையாது. அரசாணை பாஷையில 'இணைப்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்'. ஊர்ல எல்லாரும் சொல்றது மூணு சக்கர வண்டி (எண்ணிப் பார்த்தா நாலு வரும், அதை விடுங்க). இடம் இல்லாததால என்ன ஆகுது? வண்டி கைக்கு வந்த ஒரு மாசத்துல ஓட்டுறவர் பக்கத்து வெல்டிங் பட்டறைக்குப் போய், வண்டிக்குப் பின்னாடி ஒரு கம்பிச் சட்டம் அடிச்சு மாட்டிக்கிறார். அதுல மூட்டையைக் கட்டிக்கிட்டு ரோட்டுல போறார். அதை நாம போட்டோ எடுத்து, 'இந்தியன் இஞ்சினியரிங்'னு தலைப்புப் போட்டு சிரிக்கிறோம்.

இந்தச் சிரிப்பு மேலதான் எனக்குக் கோவம். அதைவிடப் பெரிய கோவம், அந்தச் சட்டத்தை மாட்ட வேண்டிய நிலைமையை உண்டாக்கினவங்க மேல.

எங்க அம்மா ஊர் படவேடு. தெரியாதவங்களுக்கு: திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை அடிவாரம். வேலூர் - திருவண்ணாமலை ரோட்டுல சந்தவாசல்ல திரும்பி உள்ள போகணும். ஒரு காலத்துல சம்புவராயர்களோட தலைநகரம். இப்போ ரேணுகாம்பாள் கோயிலும் வாழைத்தோப்பும்தான் ஊருக்கு அடையாளம். ஆடி வெள்ளிக்கு வந்தீங்கன்னா கால் வைக்க இடம் இருக்காது.

அங்க என் மாமா ஒருத்தர் பூஜை சாமான் கடை வச்சிருக்கார். சின்ன வயசுல போலியோ, ரெண்டு காலும் சரியா வராது. கை ரெண்டும் இரும்பு மாதிரி. அரசு ஸ்கூட்டர் கிடைச்சது. அதுக்கு முன்னாடி கையால சுத்துற மூணு சக்கர சைக்கிள். அந்த ஸ்கூட்டர் அவர் வாழ்க்கையையே மாத்திடுச்சு, அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. திட்டம் நல்ல திட்டம். அதனாலதான் உரிமையோட திட்டுறேன்.

கடைக்குத் தேங்காய் வேணும், வாழைப்பழம் வேணும், கற்பூரம், ஊதுபத்தி, பூ வேணும். இதெல்லாம் கடைக்கு நடந்து வராது. சந்தவாசலுக்கோ ஆரணிக்கோ போய் எடுத்துட்டு வரணும். சீட்டுக்கு அடியில இருக்குற டிக்கியில ஒரு ரெயின்கோட்டும் நாலு தேங்காயும் வைக்கலாம். கால் வைக்குற இடத்துல வைக்கலாம்னா, அங்கதான் அவரோட கால் இருக்கு. நம்ம மாதிரி காலை அகட்டி நடுவுல மூட்டையை நிறுத்திக்க அவரால முடியாது. பின் சீட்டுல அவரோட ஊன்றுகோல். வேற எங்க வைப்பார்? பட்டறைக்குப் போனார். சட்டம் வந்துச்சு.

அப்புறம் ஒரு நாள் வண்டி விஷயமா ஒரு அலுவலகத்துக்குப் போனப்போ, "இதைக் கழட்டிட்டு வா"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கழட்டிட்டுப் போனார். திரும்ப வந்து மாட்டினார். மாமா என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன் மாப்ள, நான் சும்மா ஊரைச் சுத்திட்டு வரட்டும்னா கவர்மெண்டு இவ்ளோ செலவு பண்ணி வண்டி குடுத்துச்சு?"

எவ்வளவு யோசிச்சும் இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.

இந்தத் திட்டத்துல யார் யாருக்கு வண்டின்னு பாருங்க. படிக்கிறவங்க, வேலைக்குப் போறவங்க, சுயதொழில் செய்றவங்க. சுயதொழில்! சரக்கே இல்லாத ஒரு சுயதொழிலை எனக்குக் காட்டுங்க பார்ப்போம். டெய்லர்னா துணி மூட்டை. பெட்டிக்கடைன்னா பிஸ்கட் அட்டைப்பெட்டி. செல்போன் ரிப்பேர் பண்றவருக்குக் கூட ஒரு கருவிப் பெட்டி இருக்கு. விண்ணப்பத்துல 'என்ன தொழில் செய்றீங்க'ன்னு கேக்கத் தெரியுது. 'அந்தத் தொழிலுக்கு என்ன தூக்கிட்டுப் போவீங்க'ன்னு கேக்கத் தெரியல. எங்க பொழப்புல இதுக்குப் பேரு ரெக்வயர்மெண்ட் கேட்காம கோடு எழுதுறது. டெஸ்டிங்ல எல்லாம் பாஸ் ஆகும். யூசர் கையில போனா முதல் நாளே பல்லிளிக்கும். அப்புறம் யூசரே ஒரு குறுக்கு வழி கண்டுபிடிப்பார், நாம 'யூசர் சரியா யூஸ் பண்ணல'ன்னு சொல்லுவோம்.

தொழிலை விடுங்க, வீட்டு விஷயத்துக்கு வாங்க. மடக்குற சக்கர நாற்காலி சாதாரணமா 15 முதல் 20 கிலோ. போன இடத்துல இறங்கி உள்ள போக அது வேணும். அதை எங்க வைக்கிறது? வண்டி கொடுத்துட்டு, வண்டியில இருந்து இறங்குறதுக்கு வழி கொடுக்கலன்னா என்ன அர்த்தம்? ஒரு சமையல் சிலிண்டர், உள்ள 14.2 கிலோ கேஸ், இரும்போட சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. ரேஷன் அரிசி. இதெல்லாம் அவங்க வீட்டுக்கும் தேவைப்படும்ங்க. ஊனம்னா ஒருத்தரை யாரோ எங்கயோ கொண்டு போய் சேர்க்கணும், அவ்வளவுதான்னு நம்ம மண்டையில பதிஞ்சு போயிருக்கு. அவர் இன்னொருத்தருக்காகத் தூக்கிட்டு வர்ற ஆளாவும் இருப்பார்ங்கிற நினைப்பே நமக்கு வர்றதில்ல.

சரி, இப்போ எதிர்க் கட்சிக்கு வருவோம். "அப்படி மூட்டை கட்டுறது ஆபத்து தம்பி"ன்னு சொல்றவங்க. அவங்களுக்கு நான் எதிரி இல்ல. ஆபத்துதான். எவ்வளவு ஆபத்துன்னு கணக்கே போட்டுக் காட்டுறேன், எஞ்சினியரிங் படிச்சதுக்கு இதாவது செய்யணும்ல.

ஒரு ஸ்கூட்டரோட முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல தூரம் சுமார் 127 சென்டிமீட்டர். இணைப்புச் சக்கரங்கள் கிட்டத்தட்ட பின் சக்கரத்துக்கு நேராவே இருக்கும். மூட்டை தொங்குறது பின் அச்சுக்கு 45 சென்டிமீட்டர் பின்னாடின்னு வச்சுக்கோங்க. சின்னப் பசங்க ஆடுற ஏத்தப் பலகை மாதிரிதான் இது. பின் அச்சு நடு முட்டு. பின்னாடி 30 கிலோ தேங்காய் வச்சா, முன் சக்கரத்துல இருந்து 30 x 45 / 127, அதாவது பத்தரை கிலோ குறையுது. ரெண்டு மூட்டைன்னா 21 கிலோ. எஞ்சின், ஓட்டுறவர்னு ஸ்கூட்டர்ல ஏற்கனவே பெரும்பகுதி பாரம் பின்னாடிதான். முன்னாடி இருக்குற கொஞ்சத்துலயும் 21 கிலோவைப் பிடுங்கிட்டா? ஹாண்டிலைத் திருப்புவீங்க, வண்டி நேராப் போகும். முன் பிரேக்கைப் பிடிப்பீங்க, சக்கரம் வழுக்கும். மேட்டுல ஏறும்போது இன்னும் மோசம். போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் ஏறுற மலைப்பாதையில இப்படி மூட்டையோட ஏறுறதை நினைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது.

இது தவிர, வெல்டிங் பட்டறைக்காரர் சட்டத்தை ஒட்டுறது சீட்டைத் தாங்குறதுக்குன்னு போட்ட குழாய்ல. குழியில வண்டி இறங்கி எகிறும்போது 30 கிலோ மூட்டை 30 கிலோவா இருக்காது, அதைவிடப் பல மடங்கா இழுக்கும். இன்னிக்கு உடையாது. ஆறு மாசம் கழிச்சு, ஒட்டின இடத்துக்குப் பக்கத்துல முடி மாதிரி ஒரு கீறல் விழும். அடுத்தது, பின் விளக்கும் நம்பர் பிளேட்டும் மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். ராத்திரியில பின்னாடி வர்ற கரும்பு லாரிக்காரருக்கு இவர் இருக்குறதே தெரியாது. மூட்டை உயரமா இருந்தா வளைவுல வண்டி சாயப் பார்க்கும். சாதா ஸ்கூட்டரை உள்பக்கமாச் சாய்ச்சு வளைக்கலாம், இதைச் சாய்க்க முடியாது. உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும்.

ஆக ஆபத்துன்னு ஒத்துக்கிட்டாச்சு. இப்போ கேள்வி: அதுக்குத் தீர்வு 'கழட்டிட்டு வா'வா?

டிவிஎஸ் எக்ஸ்எல்லைப் பாருங்க. நம்ம ஊர்ல அதை யாராவது சும்மா ஆள் போற வண்டின்னு சொல்லுவாங்களா? முன்னாடி தட்டையான இடம், கழட்டி வைக்குற மாதிரி பின் சீட்டு. பால் கேன், காய்கறிக் கூடை, புல்லுக்கட்டு எல்லாம் அதுலதான் போகுது. வாங்குறவன் சுமை தூக்குவான்னு தெரிஞ்சே வடிவமைச்ச வண்டி. முன் இடத்துல வைக்குற சுமை ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உக்காருது, பின்னாடி தொங்கல. அந்த டிவிஎஸ் குழுமத்தோட சீனிவாசன் சேவை அறக்கட்டளை நம்ம படவேட்டுலயே வருஷக்கணக்கா கிராம வேலை செய்யுது. ஆக, சுமைக்கேத்த வண்டி செய்யத் தெரிஞ்ச ஆளுங்க நம்மகிட்ட இல்லாம இல்ல. சும்மா நடக்குற ஏழைக்கு அந்த வண்டி செஞ்சாச்சு. நடக்க முடியாத ஏழைக்கு யாரும் யோசிக்கல.

வழியும் ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லீங்க. இணைப்புச் சக்கரத்துக்கு மேல ரெண்டு பக்கமும் மட்கார்டு இருக்கு பாருங்க, அந்த இடம் சும்மாதான் கிடக்குது. பின் அச்சுக்கு நேர் மேல. அங்க ஆளுக்கொரு பெட்டி வச்சா, அந்தச் சுமை முன் சக்கரத்தைத் தூக்காது. மேலே போட்ட கணக்குல 45க்குப் பதிலா பூஜ்யம் போட்டுப் பாருங்க, புரியும். தாழ்வா இருக்குறதால சாயாது. ஒரு பக்கம் மட்டும் ஏத்தாம ரெண்டு பக்கமும் சமமா ஏத்தணும், அது ஒண்ணுதான் நிபந்தனை. பின்னாடி தொங்குற சட்டம் ஊன்றுகோலுக்கும் மடக்கின நாற்காலிக்கும் மட்டும். அதுலயும் 'இத்தனை கிலோவுக்கு மேல் வைக்காதே'ன்னு தகட்டுல அடிச்சு ஒட்டணும்.

இந்தத் தகடு விஷயம் முக்கியம். அமெரிக்காவுல மூணு சக்கர மோட்டார் சைக்கிள்னு ஒரு உலகமே இருக்கு. ஹார்லி டேவிட்சன் 2009 மாடல்ல ட்ரை கிளைடுன்னு கம்பெனியிலயே செஞ்சு விக்க ஆரம்பிச்சுச்சு. பெரும்பாலும் வயசானவங்க ஜாலியா ஊர் சுத்த. அந்த வண்டியில பெரிய பெட்டியே இருக்கு. அது பத்தலைன்னு பின்னாடி கொக்கி மாட்டி, அதுல ஒரு சாமான் தட்டும் மாட்டிக்குவாங்க. அந்தக் கொக்கி மேல எவ்வளவு பாரம் இறங்கலாம்னு கணக்கோடதான் விப்பாங்க. அங்க பிக்னிக் போறவனோட ஐஸ் பெட்டிக்கு எடைக் கணக்கு இருக்கு. இங்க மாமாவோட சோத்துக்கு வழி பண்ற தேங்காய் மூட்டைக்கு ஒரு கணக்கும் கிடையாது, 'கழட்டிட்டு வா' மட்டும்தான்.

வெளிநாடுன்னாலே உசத்தின்னு நான் ஜல்லியடிக்கலை. பிரிட்டன் கதையைக் கேளுங்க. 1948ல இருந்து அங்க அரசாங்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு மூணு சக்கர வண்டி கொடுத்துச்சு. வெளிர் நீல கலர்ல, ஒரே ஒரு சீட்டோட. பொண்டாட்டி புள்ளையைக் கூட ஏத்த இடமில்ல. 'உனக்கு வண்டி குடுத்தாச்சு, நீ போ'ங்கிற அதே புத்தி. அந்த வண்டியை ஓட்டினவங்களே சேர்ந்து, எங்களுக்கும் குடும்பம் இருக்கு, இந்த வண்டி பாதுகாப்பும் இல்லன்னு வருஷக்கணக்கா சண்டை போட்டாங்க. 1976ல போக்குவரத்துக்குன்னு தனி உதவித்தொகை வந்துச்சு, அந்த வண்டி கொடுக்குறதும் படிப்படியா நின்னுச்சு. கடைசியா 2003 மார்ச் 31ஓட ரோட்டுல ஓட்டவே கூடாதுன்னு எடுத்துட்டாங்க. அதை ஓட்டினவங்க பேச்சைக் கேக்க அவங்களுக்கும் முப்பது வருஷம் கிட்ட ஆச்சு. நாமளும் அதே முப்பது வருஷத்தை முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?

"சட்டம் இடம் கொடுக்காதே"ன்னு அடுத்த ஆள் வருவார். சட்டத்தையே எடுத்துப் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றிதழ்ல இருக்குற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா மாத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. உண்மை. ஆனா அதே 2019ல வந்த சட்டத் திருத்தம் இன்னொண்ணும் சொல்லுது: மாற்றுத்திறனாளிக்கு ஏத்த மாதிரி சொந்த வண்டியை மாத்திக்கலாம், பதிவு அதிகாரிகிட்ட அதுக்கப்புறம் ஒப்புதல் வாங்கிக்கலாம். கதவு திறந்துதான் இருக்கு. மாத்துறதுன்னா சக்கரம் மட்டும்தான்னு யார் சொன்னது? ஊன்றுகோல் வைக்குற இடமும் சக்கர நாற்காலி வைக்குற இடமும் உடல் குறைபாட்டுக்கான மாற்றம் இல்லையா?

அதே 2019 திருத்தத்துல இன்னொரு பிரிவு, 194(1ஏ). வண்டியை விட்டு சரக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா சட்டத்துல எழுதியிருக்குற அபராதம் 20,000 ரூபாய். பெட்டிக்கடைக்காரர் எத்தனை தேங்காய் வித்தா அது வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க, எனக்கு மனசு வரல.

"இலவசமா கொடுத்த வண்டியில இது வேறயா?" இது கடைசி ஆள். எல்லாத்துலயும் எனக்குப் பிடிக்காத ஆளும் இவர்தான். ஐயா, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016ல பிரிவு 41ஐப் படிங்க. சொந்தமா நடமாடுறதுக்கு உதவுற திட்டங்களை, கட்டுப்படியாகுற செலவுல, அரசு உருவாக்கணும்னு இருக்கு. அந்தப் பட்டியல்ல வண்டிகளை மாத்தி அமைக்குறதும் பேர் சொல்லியே இருக்கு. இது பிச்சை இல்ல, சட்டம் போட்ட கடமை. நீங்களும் நானும் கார்ல டிக்கி இல்லாம வாங்குவோமா? டிக்கி சின்னதுன்னே எத்தனை பேர் ஒரு மாடலை வேணாம்னு சொல்லியிருக்கோம்?

அதனால நான் கேக்குறது இவ்வளவுதான்:

1. அடுத்த தடவை ஸ்கூட்டருக்கு டெண்டர் விடும்போது, சக்கரத்தோட சேர்த்து ரெண்டு பக்கப் பெட்டியும் ஒரு சின்னப் பின் தட்டும் விவரக்குறிப்புலயே வரணும். எத்தனை கிலோன்னு சோதனை பண்ணி தகடு ஒட்டணும். இணைப்புச் சக்கரத்தைச் சோதிக்க முடிஞ்ச அமைப்புகளுக்கு இரும்புப் பெட்டியைச் சோதிக்கிறது பெரிய வேலை இல்ல.

2. ஏற்கனவே வண்டி வாங்கினவங்களுக்கு ஒரு பொது வரைபடம் வெளியிடணும். எந்த இடத்துல போல்ட், எவ்வளவு கனக் குழாய், விளக்கு எங்கன்னு எல்லாம் அதுல இருக்கணும். சந்தவாசல் வெல்டிங் பட்டறைக்காரருக்குத் திறமை இருக்கு, வரைபடம்தான் இல்ல. ஐடிஐ பசங்க ஒரு வாரத்துல செஞ்சு கொடுப்பாங்க.

3. அந்த வரைபடத்துப்படி மாட்டினா பதிவுச் சான்றிதழ்ல ஒரு தடவை ஏத்திட்டு, அப்புறம் வழியில நிறுத்தி யாரும் கேள்வி கேக்கக் கூடாது.

4. இதை எல்லாம் முடிவு பண்ற மேஜையில, அந்த வண்டியைத் தினமும் ஓட்டுற நாலு பேர் உக்காரணும்.

பதிவுலக நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை அப்படி ஒரு வண்டி போட்டோ உங்க பார்வைக்கு வந்தா, சிரிக்கிறதுக்கு முன்னாடி அந்த மூட்டையில என்ன இருக்குன்னு பாருங்க. ஒரு வீட்டோட அடுத்த வாரச் சாப்பாடு இருக்கும். அதை அந்த மனுஷன் முன் சக்கரம் தூக்கும்னு தெரிஞ்சே கட்டியிருக்கார். முட்டாள்தனத்துல கட்டல, வேற இடம் இல்லாம கட்டியிருக்கார். இடம் கொடுக்க வேண்டியவங்களைப் பார்த்து சிரிங்க, நானும் கூட வந்து கும்மி அடிக்கிறேன்.

டிஸ்கி: 45 சென்டிமீட்டர், 127 சென்டிமீட்டர் எல்லாம் உத்தேசக் கணக்கு. உங்க வண்டிக்கு டேப் வச்சு அளந்து போட்டுப் பாருங்க. யாராவது மெக்கானிக்கல் காரங்க பெட்டிக்கு நல்ல வரைபடம் போட்டுக் கொடுத்தா, ஆடி வெள்ளிக்கு முன்னாடி மாமா வண்டியில முதல் ஜோடியை மாட்டிடலாம். குழாய் செலவு என்னோடது.